எத்தியோப்பியத் திருச்சபை ஓவியங்கள்: எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

எத்தியோப்பியாவின் சமய வாழ்க்கையையும் சமய ஓவியங்களையும் பற்றி அண்மையில் வந்த நல்ல புத்தகங்கள் எவை, எந்த வரிசையில் படிக்கலாம், அந்தப் படங்களில் கண்கள் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடிப்படையில் ஒன்றுதான். ஒரு படத்தை எதிரே வைத்தால் அது யாருடைய உருவம், யார் கேட்டு வரைந்தது, யார் எங்கே நின்று பார்ப்பதற்காக வரைந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு உதவாத புத்தகம் எவ்வளவு வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தாலும் பயனில்லை. அதனால் என் முதல் ஆலோசனை சற்று வறட்சியாகத்தான் இருக்கும்: படங்கள் நிறைந்த புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள். நோன்பையும் தீட்டையும் பற்றிப் பேசும் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எத்தியோப்பியர்களில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் 43.5 விழுக்காடு, முஸ்லிம்கள் ஏறக்குறைய 34, புராட்டஸ்டன்ட் சபையினர் 18க்குச் சற்று மேல். ஆனால் ‘எத்தியோப்பியக் கலை’ என்ற தலைப்போடு வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை வடக்கு மேட்டுநிலத்து ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபையை மட்டுமே பேசுகின்றன. ஹரார் நகரத்தில் கையால் எழுதப்பட்ட குர்ஆன் பிரதிகளைப் பற்றிய ஆய்வு இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றின் எழுத்திலும் அலங்காரத்திலும் இந்தியாவின் பிஹாரி எழுத்துமுறையின் சாயல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே நான் சொல்வது திருச்சபை ஓவியம் பற்றி மட்டும்.

தொடங்க வேண்டிய புத்தகம் டாம் பாய்ல்ஸ்டன் எழுதிய ‘தி ஸ்ட்ரேஞ்சர் அட் தி ஃபீஸ்ட்’. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2018இல் வெளியிட்டது. மின்னூலை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தானா ஏரியை ஒட்டிய ஸெகே தீபகற்பத்தில் நீண்ட காலம் தங்கி எழுதிய மானிடவியல் நூல். காப்பிக்காடு நிறைந்த அந்த இடத்தில் ஏர் பூட்டக் கூடாது, மாடு, குதிரை வளர்க்கக் கூடாது என்று துறவி ஒருவர் பெயரால் பழைய கட்டுப்பாடு இருக்கிறது. காடு பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டுக்குச் சுமார் 180 நாள் எல்லோருக்கும் நோன்பு. குருமாருக்கும் துறவிகளுக்கும் 250 நாள் வரை போகும். நோன்பு என்றால் இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. நற்கருணை வாங்குவோர் பெரும்பாலும் குழந்தைகளும் முதியவர்களும்தான். நடுவயதில் இருப்பவர்கள் தீட்டுக்கு அஞ்சி ஒதுங்கியே நிற்கிறார்கள். ஓவியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். யார் எதுவரை உள்ளே போகலாம் என்பதுதான் யார் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

வட்டக் கோயில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தால் முதல் சுற்று கினே மஹ்லெத். பாடகர்கள் பெரிய மத்தளத்தோடும் கைக்கிலுக்கியோடும், தோளில் சாய்த்துக்கொள்ளும் நீண்ட கோலோடும் நிற்குமிடம். அடுத்த சுற்று கெத்தெஸ்த். நற்கருணை வழங்குவது இங்கே. நடுவில் சதுரமான கருவறை, மக்தஸ். அதற்குள் குருமார் மட்டுமே போகலாம். அங்கேதான் தாபோத் இருக்கிறது. உடன்படிக்கைப் பேழையையும் பத்துக் கட்டளைப் பலகையையும் ஒருசேரக் குறிக்கும் இந்தப் பலகை மரத்திலோ கல்லிலோ செய்யப்படுவது. ஆயர் அபிஷேகம் செய்த பிறகே அது தாபோத் ஆகிறது. கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் தாபோத் இல்லாவிட்டால் அது கோயில் ஆகாது. அதை யாரும் பார்க்கக் கூடாது. ஜனவரி 19 வாக்கில் வரும் திம்கெத் விழாவில் பட்டு, ஜரிகைத் துணிகளால் சுற்றி, குருவின் தலைமேல் வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். சதுரக் கருவறையின் நான்கு வெளிச்சுவர்களில்தான் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. பார்க்கக் கூடாத ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை அனைத்தையும் வரைந்திருக்கிறார்கள். மாதவிலக்கில் இருக்கும் பெண்களும், முந்தைய இரவு உடலுறவு கொண்ட கணவன் மனைவியரும் வெளி முற்றத்திலேயே நின்றுகொள்வார்கள். அன்று அவர்களுக்கு இந்தப் படங்கள் இல்லை.

சுவரில் எது எங்கே என்பதற்கு ஊருக்கு ஊர் மாறும் வழக்கம் உண்டு. ஆனாலும் பொதுப் போக்கு ஒன்று இருக்கிறது. மேற்குச் சுவர் தலைவாசலுக்கு நேரே இருப்பதால், கருவறைக் கதவின் இருபுறமும் வாள் ஏந்திய தலைமைத் தூதர்கள் காவல் நிற்பார்கள். அருகிலேயே குழந்தையேந்திய மாதாவும் வெள்ளைக் குதிரைமேல் புனித ஜார்ஜும் இருப்பார்கள். ஆண்கள் நிற்கும் வடபுறத்தில் குதிரையேறிய புனிதர்களைப் பல கோயில்களில் காணலாம். துணியில் வரைந்து, பிறகு சுவரில் ஒட்டுவதே பெருவழக்கம். ஆகவே கோயிலின் வயதும் ஓவியத்தின் வயதும் ஒன்றல்ல. ‘14ஆம் நூற்றாண்டுக் கோயில்’ என்று பயண வழிகாட்டி சொன்னால் அது அந்த இடத்தில் முதலில் கோயில் எழுந்த மரபுக் காலம். நீங்கள் பார்க்கும் துணி 18, 19 அல்லது 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும். கூரை ஒழுகினால் முதலில் போவது மேல் வரிசை. அதைப் புதுத்துணியால் மாற்றுவார்கள், அல்லது பழையதன் மேலேயே கடைப் பெயின்ட்டால் தீட்டுவார்கள். ஒரே சுவரில் மூன்று தலைமுறைக் கைகள் இருப்பது சாதாரணம். இதை வரிசை வரிசையாகப் பிரித்துக் காட்டும் மிகச் சிறந்த நூல் கிளேர் பாஸ்க்-தியெஸே 2008இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய, தானா ஏரிக் கோயில்களின் 17, 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் பற்றிய ஆய்வு. பிரெஞ்சு தெரியாதவர்கள்கூட அதன் வரைபடங்களுக்காகப் புரட்டலாம்.

எந்தப் புனிதர் அதிகம் வரையப்படுகிறார் என்பதற்கு மாதக் கணக்கு விடை சொல்லும். எத்தியோப்பிய மாதம் ஒவ்வொன்றும் 30 நாள். கடைசியில் 5 அல்லது 6 நாள் கொண்ட 13ஆவது மாதம் ஒன்று. மாதந்தோறும் 5ஆம் நாள் துறவி கெப்ரே மென்பெஸ் கிதுஸுக்கு, 7 திரித்துவத்துக்கு, 12 மிக்கேலுக்கு, 16 மாதாவின் இரக்க உடன்படிக்கையான கிடானே மெஹ்ரெத்துக்கு, 19 கபிரியேலுக்கு, 21 மரியாளுக்கு, 23 ஜார்ஜுக்கு, 27 உலக இரட்சகருக்கு. சுவரில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களுக்கு உரியவர்களே. அடையாளங்களைப் பழகிக்கொண்டால் எழுத்துத் தெரியாமலே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். உடம்பெல்லாம் முடி மூடியிருக்க, இருபுறமும் சிங்கமும் சிறுத்தையும் நிற்க, கண்ணருகே ஒரு பறவை வந்து கண்ணீர் குடித்தால் அவர் கெப்ரே மென்பெஸ் கிதுஸ். ஒற்றைக் காலில் நின்று, உதிர்ந்த மறுகால் பக்கத்தில் கிடக்க, ஆறு இறக்கைகளோடு இருந்தால் தெக்லே ஹைமானொத். ஜார்ஜ் பாம்பைக் குத்தும்போது மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் பெண் பிருதாவித். ஒரே அச்சில் வார்த்தது போல மூன்று முதியவர்கள் வரிசையாக இருந்து, மூலைகளில் நான்கு ஜீவன்கள் இருந்தால் அது திரித்துவம். மூன்று தனித்தனிப் புனிதர்கள் என்று குறிப்பெழுதிய விற்பனைப் பட்டியல்கள் உண்டு, நம்ப வேண்டாம். தராசு ஒன்றின் தட்டை மாதா தன் நிழலால் தாழ்த்துகிற காட்சி பெலாய் என்பவனின் கதை. எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தின்றவன், மாதாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சிய தொழுநோயாளிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தான். அந்தத் தண்ணீர் நியாயத்தீர்ப்பில் அவனைக் காப்பாற்றியது.

இனிக் கண்கள். நல்லவர்களுக்கு இரண்டு கண்ணும் தெரியும்படி நேர்முகம், பேய்க்கும் கொடியவனுக்கும் ஒற்றைக் கண் தெரியும் பக்கவாட்டு முகம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். கோண்டர் நகரம் தலைநகரான காலத்திலிருந்து, அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து, இது பெரும்பாலும் பொருந்துகிறது. இறுதி இராவுணவுக் காட்சியில் யூதாசைக் கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி. அதற்கு முந்தைய ஓவியங்களில் இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டால் தவறிப்போவீர்கள். கண்ணின் பெரிய அளவைப் பொறுத்தவரை, ‘ஆன்மாவின் சாளரம்’ போன்ற விளக்கங்களுக்கு ஓவியர்களின் பழைய எழுத்து எதுவும் ஆதாரமாக இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிற்காலப் பழங்கால மத்தியதரைக்கடல் கிறிஸ்தவ ஓவியத்தில் நேர்முகமும் பெருங்கண்ணும் பொதுவாக இருந்தன; எத்தியோப்பியாவின் மிகப் பழைய ஏட்டுப் படங்களிலேயே அவை இருக்கின்றன; மற்ற இடங்களில் அந்தப் பாணி மாறிய பிறகும் இங்கே விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

கண்களே மருந்தாகும் வேறொரு வகைப் படம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோய் தீர்க்கும் தோற்சுருள்களைத்தான் சொல்கிறேன். திருச்சபையில் பாட்டும், பழைய வழிபாட்டு மொழியான கீயெஸும் கற்ற தெப்தெரா என்பவர், நோயாளியின் உயரத்துக்குச் சமமான நீளத்தில் தோல் பட்டைகளைத் தைத்து இணைத்துச் சுருளாக்குகிறார். உச்சி முதல் பாதம் வரை காப்பு வேண்டும் என்பதால்தான் அந்த நீளம்; அகலம் ஒரு சாணுக்குக் குறைவு. கருப்பு மையில் செபம், சிவப்பு மையில் புனிதப் பெயர்களும் நோயாளியின் பெயரும். இடையிடையே வலைபோன்ற கட்டங்களும், எட்டு முனை நட்சத்திரமும், அதன் நடுவில் முறைக்கும் முகமும் இருக்கும். அந்தப் பார்வையைக் கண்டு பேய் ஓட வேண்டும் என்பது நோக்கம். சுருள் கைமாறினால் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிய பெயரை எழுதுவார்கள். சுரண்டிய இடம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். திருச்சபை அதிகாரபூர்வமாக இதைக் கண்டிக்கிறது, ஆனால் செய்பவரோ திருச்சபைக்காரர். இந்த இரட்டை நிலையை நன்றாக விளக்குவது ஜாக் மெர்சியேயின் ‘ஆர்ட் தட் ஹீல்ஸ்’. 1997இல் வந்ததால் அண்மைக்கால நூல் என்று சொல்ல முடியாது. அதை மிஞ்சி இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கருத்து.

வரலாற்றுப் பக்கம் வந்தால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உண்மையிலேயே கணக்கை மாற்றிப்போட்ட புத்தகம் ஜூடித் மெக்கென்ஸியும் பிரான்சிஸ் வாட்சனும் 2016இல் வெளியிட்ட ‘தி கரிமா காஸ்பல்ஸ்’. அத்வா நகருக்கு அருகே அப்பா கரிமா மடத்தில் இருக்கும் நற்செய்தி ஏடுகளைப் பற்றியது. அப்பா கரிமா ஒரே நாளில் எழுதி முடித்தார், அதுவரை சூரியன் அஸ்தமிக்காமல் காத்திருந்தது என்பது மடத்து மரபு. பழைய கலை வரலாற்றாசிரியர்கள் 11ஆம் நூற்றாண்டு வாக்கில் வைத்திருந்தார்கள். தோலின் கதிரியக்கக் கரிமச் சோதனையோ கி.பி. 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைக் காட்டியது. அதாவது உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சித்திர நற்செய்தி ஏடுகளில் இவையும் சேர்கின்றன. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். சோதனை சொல்வது அந்த விலங்கு இறந்த காலத்தை. மையும் வண்ணமும் எப்போது தோலில் ஏறின என்று அது நேரடியாகச் சொல்லாது. மொழி, எழுத்து, நான்கு நற்செய்திகளின் இணையான பகுதிகளைக் காட்டும், வளைவுகளுக்குள் அடங்கிய ஒத்துவாக்கிய அட்டவணை ஆகியவற்றைக் கொண்டுதான் படங்களும் அதே காலத்தவை என்று இந்த நூல் வாதிடுகிறது. வாதம் வலுவானது; ஆனால் ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று செய்திகளில் வருவது கொஞ்சம் அவசரம். இன்னொன்று: பின்னாளில் திரும்பத் தைத்தபோது தாள்கள் முன்பின்னாகிவிட்டன, எனவே படங்களை மடத்து வரிசையில் அல்ல, நூலில் மீட்டமைத்துக் காட்டிய வரிசையில் பாருங்கள்.

லாலிபெலாவின் பாறைக் கோயில்கள் விஷயத்தில் நிலைமை இதைவிடச் சிக்கல். மொத்தம் 11 கோயில்களும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட லாலிபெலா மன்னன் குடைந்தவை என்பது மரபு. டேவிட் ஃபிலிப்சன் 2009இல் எழுதிய எத்தியோப்பியாவின் பழங்கோயில்கள் பற்றிய நூலில், சில பகுதிகள் பல நூற்றாண்டு முந்தியவை, கட்டம் கட்டமாகக் குடைந்தவை என்கிறார். பாறையைக் குடைந்த இடத்தில் முந்தைய கட்டத்தின் தடயம் அடுத்த கட்டத்தின் உளியில் அழிந்துபோகும் என்பதால் இந்த விவாதம் எளிதில் முடியாது. ஒரே தேதியைத் திட்டவட்டமாகச் சொல்லும் எந்தப் புத்தகத்தையும் ஐயத்தோடு படியுங்கள்.

மாதா படங்களுக்கு வருவோம், ஏனென்றால் எத்தியோப்பிய ஓவியத்தின் பெரும்பகுதி அதுதான். 1434 முதல் 1468 வரை ஆண்ட ஸரா யாக்கோப், மாதாவின் அற்புதங்கள் என்ற தொகுப்பைத் திருச்சபையில் கட்டாயம் வாசிக்க வைத்தார். ஆண்டுக்கு 30க்கு மேற்பட்ட மாதா விழாக்களை வகுத்தார். வாசிக்கும்போது மாதா படத்தை எடுத்து வைத்துத் தூபம் காட்டுவார்கள். படம் அலங்காரமாக இருந்த நிலைமை மாறி, பூசைக்கு வேண்டிய பொருளாக ஆனது. தேவை கூடியதால் மரப்பலகையில் வெண்சுதை பூசி வரையும் படங்கள் பெருகின. ஃப்ரே செயோன் என்ற துறவி ஓவியரின் பெயரை நாம் அறிவது தானா ஏரியின் டாகா தீவு மடத்தில் உள்ள பெயர் பொறித்த ஒரு படத்தால்தான். மெரிலின் ஹெல்ட்மன் 1994இல் எழுதிய நூல் அதை அடிப்படையாக வைத்து, பாணி ஒப்புமையால் வேறு பல படங்களையும் அவர் பெயரில் சேர்த்தது. ஒன்று உறுதி, மற்றவை ஊகம். அருங்காட்சியகக் குறிப்புப் பலகைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

பழைய நூல்கள் எல்லாம் ‘இது எந்த ஐரோப்பியப் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. ஸ்தனிஸ்லாவ் ஹொய்னாட்ஸ்கியின் 1983ஆம் ஆண்டு நூல் அதில் உச்சம். கருப்பொருள் வாரியாகத் தேட இன்றும் அதுவே கைகொடுக்கும். வெரெனா கிரெப்ஸ் 2021இல் வெளியிட்ட, எத்தியோப்பிய அரசாட்சி, கைவினை, ஐரோப்பியத் தூதுறவு பற்றிய நூல் அந்தக் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. 1402இல் வெனிஸுக்குப் போன தூதுக்குழு முதல் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தியோப்பிய மன்னர்கள் ஆயுதம் கேட்டு அலையவில்லை. தாங்கள் கட்டிய அரச கோயில்களுக்கு வேண்டிய கைவினைஞர்களையும் திருப்பண்டங்களையும் அரிய துணிகளையும் வரவழைத்தார்கள் என்கிறார். வெனிஸ் ஓவியர் நிக்கோலோ பிராங்காலியோன் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கி வரைந்தது இந்தப் பின்னணியில்தான் சரியாகப் புரிகிறது. நூலின் பலவீனமும் கண்ணுக்குத் தெரிகிறது: மன்னர்களின் நோக்கத்தைச் சொல்லும் சான்றுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய ஆவணக் கிடங்குகளில் எழுதி வைத்தவை. எழுதியவன் எதைக் கேட்க விரும்பினானோ அதுவும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் கேள்வியை மாற்றியதற்காகவே படிக்க வேண்டிய புத்தகம்.

17ஆம் நூற்றாண்டில் நுழைந்த ஒரு மாதிரி மட்டும் எல்லா மாதா படங்களையும் மாற்றிவிட்டது. ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் உள்ள மாதா படத்தின் பிரதிகளை இயேசு சபையினர் உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். 1580இல் அக்பரின் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்ததும் அதன் பிரதிதான். கோவாவிலிருந்து எத்தியோப்பியா போன குருமார் மூலம் அங்கேயும் சேர்ந்தது. அடையாளம் எளிது. மாதாவின் இரு கைகளும் மணிக்கட்டில் குறுக்காகச் சேர்ந்திருக்கும். இடக்கையில் ஒரு கைக்குட்டை. வலக்கையில் இரண்டு விரல் மட்டும் நீண்டிருக்கும். குழந்தை கையில் புத்தகம். இந்த நான்கும் இருந்தால் அந்தப் படம் 1600க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை, விற்பவர் எந்த நூற்றாண்டைச் சொன்னாலும் சரி. 1632இல் அரசு கத்தோலிக்கத்தைக் கைவிட்டது; அந்த ஆண்டு அரியணையேறிய மன்னர் ஃபாஸிலிதெஸ் பிறகு இயேசு சபையினரைத் துரத்தினார். படம் மட்டும் தங்கிவிட்டது. தானா ஏரியில் நார்கா செலாசி கோயிலில் இதே அமைப்பில் ஒரு மாதா இருக்கிறார். அடியில், பூவேலைப் பட்டு உடுத்தி, தரையோடு தரையாகக் குப்புறக் கிடக்கும் சிறிய உருவம் 18ஆம் நூற்றாண்டு அரசி மென்தேவாப். கோயில் கட்டியவர் அவர். எந்தப் படத்தையும் கையில் எடுத்தவுடன் கீழ் விளிம்பைப் பாருங்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் அங்கேதான் கிடப்பார், பெயரும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

அந்தக் கத்தோலிக்க மோதலை உள்ளூர்க் குரலில் கேட்க, வலத்தா பெத்ரோஸ் என்ற துறவியின் வாழ்க்கை வரலாற்றைப் படியுங்கள். 1592 முதல் 1642 வரை வாழ்ந்து, மன்னர் சுசெனியோஸின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றவர். சீடர்கள் சொல்ல 1672இல் எழுதப்பட்ட நூலை வெண்டி பெல்ச்சரும் மைக்கேல் க்ளைனரும் 2015இல் ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார்கள். மொழிபெயர்ப்பின் சில இடங்கள் பற்றி எத்தியோப்பிய அறிஞர்கள் கடுமையாக வாதிட்டிருக்கிறார்கள். எனவே அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரே ஒரு படப் புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகம் 2023 இறுதியில் தொடங்கிய ‘எத்தியோப்பியா அட் தி கிராஸ்ரோட்ஸ்’ கண்காட்சியின் நூலை வாங்குங்கள். பதிப்பாசிரியர் கிறிஸ்டின் ஷாக்கா. அச்சுத் தரம் உயர்வு, பண்டமாற்றுப் பாதைகள் பற்றிய கட்டுரைகள் நல்லவை. வழிபாட்டில் இந்தப் பொருள்கள் எப்படிப் புழங்கின என்பதில் அது மெலிவு. அந்த இடத்தைத்தான் பாய்ல்ஸ்டன் முன்கூட்டியே நிரப்பிவிடுவார். சமந்தா கெல்லி பதிப்பித்து பிரில் 2020இல் வெளியிட்ட இடைக்கால எத்தியோப்பியா, எரித்ரியா பற்றிய கட்டுரைத் தொகுதி விலை அதிகம். நூலகத்தில் எடுத்து, ஓவியம், ஏட்டுச்சுவடி, இஸ்லாம் பற்றிய இயல்களை மட்டும் படித்தாலே போதும். இருபதாம் நூற்றாண்டுக்கு எலிசபெத் ஜியார்கிஸின் ‘மாடர்னிஸ்ட் ஆர்ட் இன் எத்தியோப்பியா’, 2019. தோற்சுருளின் வடிவங்களை நவீன ஓவியத்துக்குள் கொண்டு வந்த ஸ்குந்தர் பொகோசியான் பற்றிய பகுதிக்காகவே படிக்கலாம்.

அருங்காட்சியகப் பட்டியல்களில் ‘மக்தலா’ என்று மூலம் குறிப்பிட்டிருந்தால் அது செய்யப்பட்ட இடம் அல்ல, கொள்ளை போன இடம். மன்னர் தெவோத்ரோஸ் தன் கோட்டையில் கட்ட நினைத்த கோயிலுக்காக கோண்டரின் பல கோயில்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி வைத்திருந்தார். 1868 ஏப்ரலில் பம்பாயிலிருந்து ராபர்ட் நேப்பியர் தலைமையில் போன படை கோட்டையைப் பிடித்தது. மன்னர் தற்கொலை செய்துகொண்டார். பொருள்கள் படைவீரர் கையிலும் ஏலத்திலும் சிதறின. சுமார் 350 ஏடுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 11 தாபோத்களைக் காட்சிக்கு வைப்பதில்லை, படமெடுப்பதில்லை. அந்தச் சூறையைத் தனித்தனிப் பொருளாகத் தொடர்ந்து போய்த் தேடும் நூல் ஆண்ட்ரூ ஹெவென்ஸ் 2023இல் எழுதிய ‘தி பிரின்ஸ் அண்ட் தி பிளண்டர்’. பத்திரிகையாளர் நடை, விறுவிறுவென்று போகும்.

படிக்கும்போது எல்லோரும் இடறும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று தேதி. எத்தியோப்பிய ஆண்டு செப்டம்பர் 11 அன்று பிறக்கிறது, சில ஆண்டுகளில் 12. அன்றிலிருந்து டிசம்பர் முடிய நம் கணக்குக்கு 7 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் 8. ஏடுகளில் உலகம் படைத்த ஆண்டிலிருந்து எண்ணியிருந்தால் முதலில் 5500ஐக் கழியுங்கள். உலக ஆண்டு 7201 என்றால் எத்தியோப்பிய ஆண்டு 1701, அதாவது 1708 செப்டம்பர் முதல் 1709 செப்டம்பர் வரை. சரிபார்க்கவும் வழி உண்டு: உலக ஆண்டை 4ஆல் வகுத்து மீதி 1 வந்தால் மத்தேயு ஆண்டு, 2 மாற்கு, 3 லூக்கா, 0 யோவான். ஏட்டில் நற்செய்தியாளர் பெயரும் எழுதியிருந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் எண்ணை யாரோ தவறாகப் படித்திருக்கிறார்கள், அல்லது படியெடுத்தவர் தவறியிருக்கிறார்.

இரண்டாவது பெயர். எத்தியோப்பியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது, சொந்தப் பெயருக்குப் பின்னால் தந்தை பெயர். 2021இல் மறைந்த பேரறிஞர் கெதாச்சேவ் ஹைலேயை ‘ஹைலே’யின் கீழ் தேடினால் பாதி நூலகங்களில் கிடைக்க மாட்டார், மீதிப் பாதியில் அங்கேதான் கிடைப்பார். இரண்டு வகையிலும் தேடுங்கள். ஸரா யாக்கோப், ஃப்ரே செயோன் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். புள்ளிக் குறிகளும் மேற்கோடுகளும் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டும் ஒருமுறை தேட வேண்டும்.

புத்தகங்கள் கைக்கு எட்டாவிட்டால் மினசோட்டாவில் உள்ள ஹில் அருங்காட்சியக ஏட்டுச்சுவடி நூலகத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு, 1970களிலிருந்து படமெடுத்த எத்தியோப்பிய ஏடுகளைப் பார்க்கலாம். நுண்படச்சுருளாக எடுத்தவற்றில் பல கருப்பு வெள்ளையில்தான் இருக்கும், வண்ணத்தை வைத்து முடிவு செய்ய உதவாது. மாதாவின் அற்புதக் கதைகளுக்கு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தனி இணையத் தொகுப்பு வைத்திருக்கிறது. தராசு, தண்ணீர் என்று ஏதாவது ஒரு காட்சியைப் படத்தில் பார்த்துவிட்டுக் கதை தெரியாமல் நின்றால், ஆங்கிலத்தில் அதற்கான சொல்லைக் கொடுத்து அங்கே தேடுவதுதான் விரைவான வழி.